குல்மார்க்கில் அவரவர்க்கு ஏற்ற சரிவு

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த எங்கள் குடும்பத்தாருக்குப் பனிக்கட்டி என்றால், மீன் பெட்டிகளுக்காக வண்டியில் வந்திறங்கும் ஐஸ் பாளம் ஒன்றுதான் தெரியும். ஆகவே, காஷ்மீரத்துக் குல்மார்க்கிற்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறோம் என்றதும் அண்டை வீட்டார் நகைத்தனர். "ஆடி மழையில் நம் சந்தில் வழுக்கி விழுவது போதாதா?" என்று கேட்டார் ஒரு பாட்டியார்.

புறப்பட்டவர் ஐவர். கணவன் மனைவியாகிய நாங்கள் இருவர். பதினோரு வயது மகள். இருபத்திரண்டு வயது மைத்துனர். அறுபத்தெட்டு வயதுத் தந்தையார். தந்தையார் கொச்சிக் கோட்டை வேளியிலுள்ள சலவைத் துறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் துணி வெளுத்தவர். நீரில் நின்று நின்று முழங்கால்கள் தளர்ந்தவர். ஐவருக்கும் மலை ஒன்று. உடலோ ஐந்து விதம். அந்த ஒரே மலையில் அவரவர்க்கு ஏற்ற இடத்தை எங்ஙனம் கண்டோம் என்பதைச் சங்க அன்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

இரயில்வே ஊழியருக்கு உரிய பாஸ் இருந்தது. தந்தையாருக்கும் மைத்துனருக்கும் டிக்கட் வாங்கினோம். கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை புறப்படும் ஹிமசாகர் எக்ஸ்பிரஸில் எர்ணாகுளத்தில் ஏறினோம். விஜயவாடா, நாகபுரி, போபால், டில்லி என்று நாட்கள் கழிந்தன. கட்ராவில் வண்டி மாறி, 2025 ஜூனில் திறக்கப்பெற்ற புதிய பாதையில் ஸ்ரீநகர் சேர்ந்தோம். வழியில் சினாப் நதியை 359 மீட்டர் உயரத்தில் கடக்கும் பாலத்தின்மீது வண்டி செல்கையில், இரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களுக்கே மெய் சிலிர்த்தது. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். தங்மார்க் என்னும் ஊருக்கு மேலே, பனி பெய்த நாட்களில் மோட்டார் சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டித்தான் ஏறுகிறார்கள்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள கிண்ணம் போன்ற புல்வெளி. ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள் 1927-ல் இங்கே பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றை நிறுவினர். இன்று பழனி ரோப்காரைப் போன்ற, ஆனால் அதனினும் மிகப் பெரிய கம்பிவட வண்டி இரண்டு கட்டமாக மலையேறுகிறது. 1998-ல் அமைந்த முதற்கட்டம் சுமார் 3,080 மீட்டரிலுள்ள கொங்டூரி வரையிலும், 2005-ல் அமைந்த இரண்டாங் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டரில் அபர்வத் மலைத்தோள் வரையிலும் செல்லும்.

சரிவின் கணக்கை இரயில்வே முறையில் சொன்னால் அன்பர்களுக்கு எளிதில் விளங்கும். நீலகிரி மலை இரயில் 12 அடி தூரத்துக்கு 1 அடி ஏறுவதற்கே பற்சக்கரம் வேண்டியிருக்கிறது. அமெரிக்கச் சறுக்குத் தலங்களிலோ, 100 அடிக்கு ஏறத்தாழ 25 அடி வரை இறங்குவது கற்போருக்குரிய சரிவு; அதற்குப் பச்சை வட்டம் அடையாளம். 40 அடி வரை இடைநிலையாளருக்கு, நீலச் சதுரம். அதற்கு மேல் தேர்ந்தவருக்கு, கறுப்பு வைரம். குல்மார்க்கில் இத்தகைய பலகைகளை நம்பியிராமல், ஆசிரியர் ஒருவரைக் கேட்டு நடப்பதே முறை.

முதல் இரண்டு நாட்கள் அடிவாரத்துச் சிறு மேடுகளில் பயிற்சி. பலகைகளின் முன்நுனிகளை நெருக்கிப் பின்புறத்தை விரித்து ஏர்க்கால் போல் வைத்தால் வேகம் அடங்குகிறது. விழும்போது பக்கவாட்டில் விழ வேண்டும். மகள் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டாள். அவளைப் பெற்ற நாங்கள் இருவரும் மாலைவரை விழுந்துகொண்டிருந்தோம்.

மைத்துனருக்கு அது போதவில்லை. மூன்றாம் நாள் காலை, "அத்தான், இவ்வளவு தூரம் வந்து குழந்தைகளோடு விளையாடவா? இன்றைக்கு அபர்வத் உச்சிக்குப் போகிறேன்" என்றார். ஆசிரியர் மறுத்துவிட்டார். மேலேயுள்ளது செப்பனிடாத ஆழ்பனி. காவலர் கண்காணிக்கும் எல்லைக்கு அப்பால் பனிச்சரிவு அபாயம் உண்டு. 2023 பிப்ரவரி முதல் தேதி அங்கே போலந்து நாட்டார் இருவர் பனிச்சரிவில் மாண்டனர். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். மைத்துனரோ வேறு ஆசிரியரைத் தேடப் புறப்பட்டார். ஓராண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வந்தவர். எங்களுக்கும் தடுக்க வாய் வரவில்லை.

தந்தையார்தான் பேசினார். "தம்பி, துறைக்குப் புதிதாக வருகிறவனிடம் முதல் நாளே பட்டுச் சேலையைக் கொடுப்போமா? முரட்டுத் துணியைத்தான் கொடுப்போம். அது கிழிந்தால் விலை கொடுத்துத் தீர்க்கலாம். நீ கிழிந்தால் உன் அம்மாவுக்கு நான் என்ன கொடுப்பேன்?"

மைத்துனர் அன்று முழுவதும் ஒருவரோடும் பேசவில்லை. ஆனால் மேலேயும் போகவில்லை.

தந்தையாருக்கும் ஒரு சங்கடம் நேர்ந்தது. நடக்க இயலாதவரை மரப்பலகை வண்டியில் அமர்த்தி, உள்ளூர் ஆட்கள் கயிறு கட்டி இழுக்கிறார்கள். "மனிதனை மனிதன் இழுப்பதா?" என்று அவர் ஏற மறுத்தார். இழுப்பவர், இதுவே தம் பனிக்காலத்துக் கூலி என்று இந்தியில் பணிவாகச் சொன்னார். உழைத்துப் பிழைத்த கைகள் ஒன்றையொன்று அறியும் போலும். தந்தையார் ஏறி அமர்ந்தார். மேடு வந்த இடமெல்லாம் இறங்கி, எங்கள் தோளைப் பிடித்து நடந்தார்.

அன்று பிற்பகல் முதற்கட்ட வண்டியில் அவருடன் கொங்டூரி சென்றோம். வெயிலில் இளநீலம் படர்ந்து கிடந்த பனியை நெடுநேரம் நோக்கிய தந்தையார், "இவ்வளவு வெளுப்புக்கு யாரப்பா நீலம் போட்டது?" என்றார்.

ஆறாம் நாள் மைத்துனர் ஆசிரியரின் பின்னே கொங்டூரியிலிருந்து பைன் மரங்களினூடே இறங்கி வந்தார். எத்தனை முறை விழுந்தார் என்பதை அவர் சொல்லவில்லை. அவர் உடையே சொல்லிற்று. தந்தையார் அடிவாரத்தில் கம்பளிக்குள் காத்திருந்து, அவர் முதுகுப் பனியைத் தட்டிவிட்டார்.

தை, மாசி மாதங்களில் செல்ல நினைக்கும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். கடல் மட்டத்திலிருந்து செல்லும் நமக்கு முதல் நாள் ஓய்வு தேவை. இருதய நோயுள்ளவர் மருத்துவரைக் கேளாமல் மேலே ஏற வேண்டா. காற்று மிகுந்தால் கம்பிவட வண்டியை நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்க. உடையும் பலகையும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. எந்தச் சரிவு எனக்கு என்ற கேள்வியை மட்டும் உடன்வந்தவரிடம் கேளாமல், உங்கள் கால்களை ஒரு நாளேனும் பார்த்த ஆசிரியரிடம் கேளுங்கள்.

மைத்துனர் இப்பொழுது மீண்டும் பணம் சேர்த்து வருகிறார். அபர்வத் அங்கேயே இருக்கும் என்கிறார் தந்தையார்.