மெல்லிய காற்றில் ஐந்து கிலோமீற்றர்

மலைநகரம் என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது நுவரெலியாவே. பதுளைப் புகைவண்டியில் அங்கு செல்பவர், ஒவ்வொரு சுரங்கத்தையும் வளைவையும் கடக்குந்தோறும் தாம் மேலே ஏறுவதை உணர்வர். நானுஓயாவில் இறங்கியதும் குளிரே உயரத்தை அறிவித்துவிடும். மெக்ஸிக்கோ நகரத்தின் இயல்பு வேறு. விமானத்தினின்று இறங்குபவர் காண்பது பரந்த சமவெளி, அகன்ற வீதிகள், ஓயாத வாகன நெரிசல். அஸ்டெக் மக்கள் ஏரியின் நடுவே எழுப்பிய தெனோச்தித்லான் என்னும் தலைநகர் 1521 இல் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. பின்னர் அந்த ஏரியையே படிப்படியாக வற்றச்செய்து, அதன் படுகையில் இன்றைய மாநகரை வளர்த்தனர். அப்படுகை கடல்மட்டத்துக்கு மேல் 2,240 மீற்றர் உயரத்தில் உள்ளது. நம் பிதுருதலாகலையின் உச்சி 2,524 மீற்றர். அவ்வுச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பெருநகரம் பரந்து கிடப்பதாக வாசகர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

அந்நகரில் நான் தங்கியிருந்த நாட்களில் சிறியதோர் வீதியோட்டம் நடைபெறவிருந்தது. தூரம் ஐந்து கிலோமீற்றர். காலிமுகத் திடலில் ஓடிப் பழகிய கால்களுக்கு அது பெரிய தூரமன்று. பெயரைப் பதிவு செய்துகொண்டு, முதல்நாள் பல்கலைக்கழக விளையாட்டரங்கைப் பார்க்கச் சென்றேன். எரிமலைக் குழம்பு உறைந்த கற்பாறைகளின்மீது எழுந்த அரங்கு அது. 1952 இல் திறக்கப்பட்டது. வெளிச்சுவரில் ஓவியர் தியேகோ ரிவேரா வண்ணக் கற்களால் அமைத்த புடைப்புச் சித்திரம் ஒன்று உண்டு. 1968 இல் ஒலிம்பிக் ஓட்டங்கள் இங்கேதான் நடைபெற்றன.

உயரத்தில் ஒட்சிசன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் காற்றில் அதன் பங்கு மாறுவதில்லை. எங்கும் ஏறத்தாழ ஐந்திலொன்றே. குறைவது காற்றின் அழுத்தம். மெக்ஸிக்கோ நகரில் அது கடற்கரையில் உள்ளதன் முக்காற்பங்கு அளவே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் செல்லும் ஒட்சிசனும் அவ்வளவே. ஆயினும் அதே மெல்லிய காற்று, விரைந்தோடுபவனை எதிர்த்துத் தள்ளும் வலியிலும் குறைந்தது. பத்துச் செக்கன் ஓட்டத்துக்கு வேண்டிய ஆற்றலிற் பெரும்பகுதியைத் தசைநார்கள் தம் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும், மூச்சை எதிர்பார்த்திரா. ஜிம் ஹைன்ஸ் 100 மீற்றரை 9.95 செக்கனில் ஓடியதும், பொப் பீமன் 8.90 மீற்றர் தாண்டி முந்திய உலகச் சாதனையை 55 சென்ரிமீற்றரால் விஞ்சியதும் அங்கேதான். பீமனின் சாதனை 1991 வரை நிலைத்தது.

நெடுந்தூரத்தில் நடந்தது நேர்மாறு. அவுஸ்திரேலியரான றொன் கிளார்க் 10,000 மீற்றரில் 27 நிமிடம் 39.4 செக்கன் என்ற உலகச் சாதனைக்கு உரியவர். அந்த அரங்கில் அவர் ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டில் நினைவிழந்து வீழ்ந்தார். ஒட்சிசன் கொடுத்தே அவரைத் தெளிவித்தனர். வென்ற கென்யரான நப்தாலி தெமுவுக்கே 29 நிமிடம் 27.4 செக்கன் தேவைப்பட்டது. தெமுவும், 1,500 மீற்றரில் வென்ற கிப் கெய்னோவும் மேட்டுநிலத்திற் பிறந்து வளர்ந்தவர்கள். வெறுமையாகக் கிடந்த அந்த ஓடுபாதையை நோக்கியபோது, எனது ஐந்து கிலோமீற்றர் பீமனின் பக்கத்தைச் சேர்ந்ததன்று, கிளார்க்கின் பக்கத்தைச் சேர்ந்தது என்பது தெளிவாயிற்று. ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் எந்த ஓட்டமும் மூச்சை நம்பியே நடைபெறுவது. ஓட்டக்காரர் வாயில் 'குறுந்தூரம்' என்னும் சொல் கடற்கரையில் ஒரு பொருளும் மலையில் வேறொரு பொருளும் தருவதாகும்.

போட்டி ஞாயிறு காலை. 2007 தொடக்கம் ஞாயிறு முற்பகலில் ரிபோர்மா வீதியில் மோட்டார் வாகனங்களை நிறுத்திச் சைக்கிளோட்டிகளுக்கும் நடப்போருக்கும் விட்டுவிடுகின்றனர். எங்கள் ஓட்டமும் அவ்வீதியிலேதான். 1910 இல் நாட்டிய சுதந்திரத் தூணின் அடியில் தொடக்கம். பொன்முலாம் பூசிய தேவதை உச்சியில் நிற்கிறாள். சுற்றியுள்ள நிலம் ஏரிச்சேற்றில் அமிழ்ந்துகொண்டே போவதால், தூணை அடைவதற்குப் புதிதாக 14 படிகள் கட்ட நேர்ந்ததாம்!

முதற் கிலோமீற்றர் இன்பமாகவே இருந்தது. குளிர்ந்த காலை, வியர்வை இல்லை, கால்கள் இலேசாக இருந்தன. கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. மூன்று அடிக்கு ஒரு மூச்சு என்ற கணக்கையே பற்றிக்கொண்டேன். சப்புல்தெபெக் பூங்காவின் சிங்க வாயிலை நெருங்கியபோது அக்கணக்கு இரண்டு அடிக்கு ஒன்றாயிற்று. நா வறண்டது. நெஞ்சில் வலி ஏதுமில்லை. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பாதியிலேயே நின்றுவிடுவதுபோன்ற உணர்வு மட்டுமே. என்னருகே ஓடிய இரு பெண்களோ உரக்கக் கதைத்துச் சிரித்தபடி சென்றனர். உயர நிலத்தில் வாழ்வோரின் குருதியிற் செவ்வணுக்கள் மிகுதி. புதிதாக வருபவனுடைய உடலும் அவற்றைப் பெருக்கத் தொடங்கும்; ஆனால் அதற்கு வாரக்கணக்கிற் செல்லும். எனக்கு அப்போது அங்கு மூன்றாம் நாள்!

மானிடவியல் நூதனசாலைக்கு முன்னே திரும்பவேண்டும். அங்கு நிற்பது மழைத்தெய்வமான த்லாலோக்கின் மாபெருஞ் சிலை. 1964 ஏப்பிரலில், வறண்ட பருவத்தில், அதனை நகருக்குள் கொண்டுவந்த நாளிற் பெருமழை கொட்டியதாம். அதன் நிழலில் ஏறத்தாழ நூறு அடிதூரம் நடந்தேன். பின்னர் மெல்ல ஓடத் தொடங்கினேன். கொழும்பில் எடுக்கும் நேரத்திலும் நான்கு நிமிடம் கூடுதலாகவே தூணடியை மீண்டும் அடைந்தேன்.

வீதியோரத்தில் ஒரு மூதாட்டி பெரிய பானையுடன் அமர்ந்திருந்தாள். சோளமாவைச் சோளப்பொத்தியின் மடலிற் பொதிந்து அவித்த 'தமாலே', நம் இலைக்கொழுக்கட்டைக்கு உறவுபோலும். கூடவே 'அதோலே' என்னும் இளஞ்சூடான சோளக்கஞ்சி. முதற்கோப்பையைக் குடித்து முடிக்கவே மும்முறை நின்று மூச்சுவாங்க வேண்டியிருந்தது. அவள் ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டாள். பதிலுக்கு வெறுங்கோப்பையை நீட்டினேன்.