அடுக்குமாடிக்குக் கீழே ஒரு முற்றம்

சிங்கப்பூர் செல்லும் நம்மவர்கள் வழக்கமாகக் கண்டு திரும்பும் இடங்கள் சில உண்டு. 1826-இல் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலும், சிராங்கூன் சாலைக் கடைவீதியும் அவற்றுள் அடங்கும். ஆனால் அந்நாட்டின் இல்வாழ்க்கையை அறிய விரும்புவோர், தோ பாயோ, தெம்பனிஸ் போன்ற குடியிருப்பு நகர்களில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மாலை வேளையில் சற்றே அமர்ந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர், 1960-இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் வாழ்கின்றனர். இக்கட்டடங்கள் பலவற்றின் கீழ்த்தளத்தில் வீடுகள் இல்லை. காற்று உலவும் திறந்த வெளியில் தூண்கள், கல் இருக்கைகள், சதுரங்கக் கட்டம் பதித்த மேசைகள் ஆகியவையே உள்ளன. மலாய்க்காரர் திருமணமும் சீனர் வீட்டுத் துக்கமும் நிகழ்வது இங்கேதான். பாலர் பள்ளிகளும் பல கட்டடங்களின் கீழ்த்தளத்தில் இயங்குகின்றன.

கம்போங் எனப்படும் சிற்றூர்களில் திறந்த கதவுகளுடன் வாழ்ந்த மக்கள், மாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது கதவுகள் அடைபட்டன. ஒரே இனத்தவர் ஒரே பகுதியில் திரளாதிருக்க, 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் இனவாரியாக உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. ஆகவே அடுத்த வீட்டார் நம் மொழியினராக இருப்பார் என்ற உறுதி இல்லை. இந்நிலையில் அவர்களை இணைக்கும் பாலமாகக் குழந்தைகளே அமைகின்றனர்.

தொடக்கப் பள்ளியில் இடம் போதாதபோது, ஒரு கிலோமீட்டருக்குள் வசிக்கும் குழந்தைகளுக்கு முன்னுரிமை உண்டு. எனவே ஒரே கட்டடத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் பயில நேர்கிறது. அவர்களுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களும் பாட்டிமார்களும் ஒரே இருக்கைக்கு நாள்தோறும் வருகின்றனர். 'சாப்பிட்டீர்களா?' என்று நாம் நலம் விசாரிப்பது போலவே மலாய்க்காரரும் சீனரும் விசாரிக்கின்றனர். முதல் உரையாடலுக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருக்கிறது.

நான் தங்கியிருந்த உறவினர் வீட்டில் சீன அண்டை வீட்டாருடன் இத்தகைய நட்பு நிலவியது. உணவு விஷயத்தில் இரு தரப்பாருக்கும் சங்கடம் இல்லை. சீனப் புத்தாண்டில் அங்கிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழங்கள் வரும். பிறந்தநாள் விருந்துக்கு, ஹலால் முத்திரையுள்ள கடையின் கேக்கையே அவர்கள் வாங்குவர். இத்தனைக்கும் முதற்காரணம், 'எங்கள் குழந்தை இன்னின்னவற்றை உண்பதில்லை' என்று தொடக்கத்திலேயே இன்முகத்துடன் தெரிவித்ததுதான். மழையால் அலுவலகத்திலிருந்து தாய் வரத் தாமதமாகும் நாட்களில், அவள் மகனைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்து வருபவர் அந்தச் சீனப் பாட்டியே.

கீழ்த்தளம் இருப்பதால் மட்டும் நட்பு விளைந்துவிடாது. மின்தூக்கியில் முகம் பாராது செல்வோர் அங்கும் உண்டு. யாரேனும் ஒருவர் முதலில் பேச வேண்டியிருக்கிறது.

இதனை இங்கு எழுதக் காரணம் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் தெரு முழுவதும் உறவினராக வாழ்ந்த நம் பெண்கள், பிள்ளைகளின் கல்விக்காகச் சென்னைக்குக் குடியேறுகின்றனர். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் எந்தக் கதவைத் தட்டுவது? எதிர் வீட்டாரின் பெயர்கூட அறியாத நிலையில், ஆயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள கணவரைத்தான் தொலைபேசியில் எழுப்ப வேண்டியிருக்கிறது. அவரோ அங்கிருந்து கவலைப்பட மட்டுமே இயலும்.

அண்டை வீட்டாரின் உரிமையை மிகவும் வலியுறுத்தும் மார்க்கம் நம்முடையது. அந்த அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் அவ்வுரிமை அவருக்கும் உரியதே. நம் அடுக்குமாடிகளில் கல் இருக்கை இல்லாமற் போகலாம். ஆயினும் பள்ளி வாகனம் வந்து நிற்கும் தெருமுனையும், பிள்ளைகள் பந்தாடும் மொட்டை மாடியும் இருக்கின்றன. தாய்மார்கள் அங்கே பத்து நிமிடம் முன்னதாகச் செல்லலாம். விடுமுறையில் ஊர் வரும் தந்தையரும் பிற தந்தையரிடம் அறிமுகமாகலாம். குழந்தையின் பெயரைக் கேட்டறிந்து, மறுநாள் அப்பெயரைச் சொல்லி நலம் விசாரிக்கலாம். விடுபட்ட வீட்டுப்பாடத்தைக் கேட்டுக் கதவைத் தட்டுவதிலும் குறையொன்றும் இல்லை. இன்று பாடத்திற்காகத் திறக்கும் அக்கதவு, நாளை நள்ளிரவிலும் தயக்கமின்றித் திறக்கும், இன்ஷா அல்லாஹ்.