வீட்டுப் பிளானில் அம்மாவுக்கு எத்தனை அடி?

அப்பா மேசன். பத்தொன்பது வயதில் கரண்டி பிடித்தவர், இன்றுவரை மற்றவர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அதனால் எங்கள் சொந்த வீட்டுக்குப் பிளான் வரைய ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்ததும் அவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான். "எனக்கே பிளானா? கயிறு புடிச்சு நாலு குச்சி அடிச்சா அதுதான் பிளான்" என்றார்.

வஹகோட்டையில் எங்கள் துண்டுக் காணி 15 பேர்ச்சஸ். இந்த ஊரை வெளியில் உள்ளவர்கள் புனித அந்தோனியார் திருத்தலத்தை வைத்துத்தான் அறிவார்கள். போர்த்துக்கேயர் வழிவந்தவர்கள் குடியேறிய ஊர் என்றும் சொல்வார்கள். நாங்கள் அந்தப் பழைய குடிகள் இல்லை. அப்பா வேலை தேடி இந்தப் பக்கம் வந்தவர், அம்மா மாத்தளை மலையில் ஒரு தோட்டத்தில் லயத்தில் பிறந்தவர். பதினேழு வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டுத்தான் இந்தக் காணியை வாங்கினோம்.

அப்பாவை வழிக்குக் கொண்டுவந்தது நானில்லை, வங்கி. வீட்டுக் கடன் வேண்டுமென்றால் காணி உறுதி, நில அளவைப் படம், செலவு மதிப்பீடு, அதோடு பிரதேச சபை அங்கீகரித்த வரைபடம் எல்லாம் வேண்டும் என்றார்கள். அங்கீகாரம் இல்லாத வீட்டுக்குக் கடன் தருகிறவர்கள் இருக்கிறார்கள்தான். வாரா வாரம் வட்டி வாங்க வாசலுக்கு வருகிறவர்கள். அந்தக் கடனில் பெண்கள் படும் பாட்டை எங்கள் பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

முதலில் இந்த அங்கீகாரம் என்றால் என்ன என்று பார்ப்போம். நம்மில் பலர் அதைச் சபைக்குக் கட்டும் ஒரு காசு என்று மட்டும்தான் நினைக்கிறோம். இலங்கையில் இதற்கு அடிப்படையான சட்டம் நூறு வருடத்துக்கும் மேல் பழையது: 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். கொழும்பில் 1914இல் பிளேக் நோய் பரவிய காலத்தை ஒட்டி வந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான வீடுகளில் நோய் பரவுகிறது என்ற பயம் அதற்குள் இருக்கிறது. அறைக்கு ஜன்னல் எவ்வளவு, வீட்டைச் சுற்றி வெளி எவ்வளவு, தெருவிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற கேள்விகள் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. பிறகு 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. அந்தச் சபை பிரகடனப்படுத்திய பகுதியாக இருந்தால் அதன் விதிகளும் சேர்ந்துகொள்ளும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் கேட்பார்கள். மாத்தளை அந்த மாவட்டங்களில் ஒன்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகம் சரிந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கடிதத்தை யாரும் வெறும் அலைச்சல் என்று சொல்ல முடியாது.

அப்பா ஒத்துக்கொண்டதும் ஒரு படவரைஞரைத் தேடினோம். பெரிய கட்டடத்துக்குப் பட்டயம் பெற்ற கட்டடக் கலைஞர், பொறியியலாளர் கையொப்பம் எல்லாம் தேவைப்படும். எங்களைப் போன்ற சின்ன வீட்டுக்குப் படவரைஞரே போதும் என்றார்கள். கலேவெலப் பக்கத்து முஸ்லிம் பையன் ஒருவர் வந்தார். என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். அப்பா அவரிடம் தான் மனதில் வைத்திருந்ததைச் சொன்னார்: முன்னால் ஒரு ஹோல், இரண்டு அறை, பின்னால் குசினி, குளியலறையும் மலசலகூடமும் வெளியே தனியாக. வெளியே போட்டால் செலவு குறைவு.

ஒரு கிழமையில் முதல் வரைபடம் வந்தது. அறைகளின் பெயரெல்லாம் ஆங்கிலத்தில். அப்பா அளவுகளைப் பார்த்தார், நான் பெயர்களை வாசித்தேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகப் பார்த்தார். அந்தப் பையன்தான் நிறுத்தினார். "அக்கா, நீங்க ஒண்ணுமே சொல்லலியே? உங்களுக்கு இந்த வீட்டுல என்ன வேணும்?"

அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "அவங்க சொன்னா சரிதானே தம்பி" என்றார். அவர் விடவில்லை. "சமைக்கிறது நீங்க. கூட நேரம் வீட்டுல இருக்கிறதும் நீங்க."

கொஞ்ச நேரம் கழித்து அம்மா சொன்னார்: "லயத்துல ஒரே அறைதான் தம்பி. பத்துக்குப் பன்னிரண்டு. உடுப்பு மாத்தணும்னா அப்பாவையும் அண்ணன்மாரையும் வெளிய போகச் சொல்லணும். மழை நேரத்துல அதுவும் ஏலாது. பீலியில குளிச்சிட்டு ஈரத் துணியோடயே நடந்து வரணும், பாக்கிறவங்க எல்லாம் பாப்பாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். குளிக்கிற இடம் வீட்டுக்குள்ள இருக்கணும். உடுப்பு மாத்திட்டுத்தான் வெளிய வரணும். உள்ளால தாழ்ப்பாள் இருக்கணும்."

அப்பா ஒன்றும் பேசவில்லை. இருபத்தி மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தவருக்கும் அது புதுச் செய்தி. எனக்கும்தான்.

இதை எழுதும்போது எனக்குக் கண்டி மினெட் டி சில்வா ஞாபகம் வருகிறார். 1918இல் பிறந்து 1998இல் இறந்தவர், இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். 1950களின் நடுவில் கண்டி வட்டாபுலுவவில் அரச ஊழியர்களுக்காக 200க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஒரு திட்டத்தை வடிவமைத்தார். அதில் அவர் செய்த முக்கியமான வேலை கோடு போடுவதற்கு முந்தியது. குடியேறப்போகும் குடும்பங்களுக்கு ஒரு கேள்விக்கொத்தைக் கொடுத்து, எப்படி வாழ்கிறீர்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். வெவ்வேறு இனம், மதம், வருமானம் உள்ள குடும்பங்கள் அவை. பதில்களைப் பார்த்துத்தான் வீடுகளின் வகைகள் உருவாயின. பேராதனையில் கலைப்பீடத்தில் படிக்கும் எங்களுக்கு இது பக்கத்து ஊர்க் கதை. ஆனால் எங்கள் வீட்டில் அது நடக்கும்வரை அந்தக் கேள்விக்கொத்தின் பெறுமதி எனக்கு விளங்கவில்லை.

காசுள்ளவர்களுக்கு இது எப்போதும் கிடைத்தது. மாத்தளைக்காரர்களுக்கு அலுவிகாரையில் வாழ்ந்த பத்திக் கலைஞர் எனா டி சில்வாவைத் தெரியும். அவர் 1960இல் கொழும்பில் வீடு கட்ட ஜெஃப்ரி பாவாவை அமர்த்தினார். பழைய வளவு வீடுகள் மாதிரி உள்முற்றம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. நகரத்துச் சின்னக் காணிக்குள் அந்த முற்றத்தைச் சுற்றி எழுந்த வீடு இலங்கைக் கட்டடக் கலையில் ஒரு திருப்பமாகப் பேசப்படுகிறது. பிற்காலத்தில் அந்த வீட்டைக் கல் கல்லாகக் கழற்றி, பாவாவின் லுனுகங்கவுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். எனா கேட்டது முற்றம். அம்மா கேட்டது தாழ்ப்பாள். இரண்டுமே வீட்டில் இருக்கப்போகிற ஒருத்தி தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொன்ன விஷயம்தான்.

குளியலறை உள்ளே வந்ததும் மலக்குழியை நகர்த்த வேண்டி வந்தது. கிணற்றிலிருந்து சுமார் 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைத்தான் முதலில் பார்ப்பார் என்றார் படவரைஞர். பக்கத்துக் காணிக் கிணறும் கணக்கில் வரும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடதாசியில் குழியை நகர்த்த ஐந்து நிமிடம் போதும். கட்டிய பிறகு என்றால் சுவரை உடைக்க வேண்டும். மற்றவர்கள் வீட்டில் அப்படி எத்தனை சுவர் உடைத்திருக்கிறேன் என்று அப்பாவே எண்ண ஆரம்பித்தார்.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. படவரைஞர் வாசலை வடகிழக்குப் பக்கம் வைத்து, மேலே கூரையைக் குட்டையாக விட்டிருந்தார். "தம்பி, நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். ரெண்டு அடி கூட்டி எறக்குங்க" என்றார் அப்பா. பையன் அந்த இடத்திலேயே திருத்தினார். பிறகு சண்டை இல்லை. கயிறு பிடிக்கிறவருக்கும் பென்சில் பிடிக்கிறவருக்கும் ஒரே வேலைதான் என்று இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

வீடு கட்ட யோசிக்கும் வீடுகளில் பெரும்பாலும் நம் வயதுப் பிள்ளைகள்தான் கடதாசி வேலை பார்க்கிறோம். அதனால் நான் பார்த்ததில் சிலதைச் சொல்கிறேன். காசு பேசும்போதே எத்தனை தடவை திருத்தித் தருவார், காணியை நேரில் வந்து பார்ப்பாரா, சபையில் கேள்வி எழும்பினால் மாற்றித் தர மேலதிகக் காசா என்று கேளுங்கள். காசை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள், ஒரு பங்கை அங்கீகாரம் வந்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். அறைகளின் பெயரைத் தமிழிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் இரண்டாவது வரைபடத்தில் 'குசினி' என்று இருந்ததைப் பார்த்துத்தான் அம்மா முதன்முதலாக அதைக் கையில் எடுத்தார். அங்கீகாரம் கைக்கு வரும்வரை அத்திவாரம் வெட்டாதீர்கள். அதற்குக் காலாவதித் திகதி உண்டு, பொதுவாக ஒரு வருடம், முடியாவிட்டால் நீடிக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு இணக்கச் சான்றிதழ் என்று இன்னொன்று இருக்கிறது. குடிபுகுந்த சந்தோசத்தில் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

வரைபடம் சபைக்குப் போன கிழமை சித்தி தோட்டத்திலிருந்து வந்திருந்தார். அம்மாவின் தங்கை, இன்னும் அதே லயத்தில் இருப்பவர். பிரதியை விரித்து, தாழ்ப்பாள் எங்கே வரும் என்று அம்மா விரலால் காட்டினார். சித்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாங்களும் இப்பிடி ஒண்ணு வரைஞ்சு குடுத்தா ஏத்துக்குவாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

கேள்வி சின்னது. பதில் நீளம். விண்ணப்பத்தில் முதல் கடதாசி காணி உறுதி. சித்தியின் குடும்பம் நாலு தலைமுறையாக அந்த இடத்தில் இருந்தும் உறுதி கிடையாது. ஒரு தாழ்வாரம் இறக்குவதற்கே தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைகள் வேலை செய்யத் தடையாக இருந்தது. அதைத் திருத்த 2018 ஆனது. வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று 1915இல் எழுதிய நாட்டில், பல லயங்களுக்கு ஜன்னலே இல்லாமல் நூறு வருடம் போயிருக்கிறது. இப்போது ஏழு பேர்ச்சஸ் காணியும் இந்திய உதவியில் 550 சதுர அடி வீடும் சில தோட்டங்களுக்கு வந்திருக்கின்றன, நல்லதுதான். ஆனால் அந்த வீடுகளும் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பிளான். உனக்கு என்ன வேண்டும் என்று அங்கே ஒரு பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

சித்தியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "முதல்ல காணி உங்க பேருக்கு வரணும் சித்தி" என்று மட்டும் சொன்னேன். "அது வரட்டும். நீ எனக்கு ஒண்ணு வரைஞ்சு வை" என்றார். கொப்பியில் ஒரு பக்கத்தைத் திறந்து, என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஏழு விஷயம் சொன்னார். முதலாவது ஜன்னல்.