தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தும் மீன்கள் ஏன் சாகின்றன?

மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "தண்ணி பளிச்சுனு இருக்கு. வேளாவேளைக்குத் தீனியும் போடுறோம். ஆனா, மீனு மட்டும் தங்க மாட்டேங்குது!" சந்தேகம் முதலில் மீன் விற்ற கடைக்காரர் மீது போகும். அடுத்து, வீட்டுக்கு வந்து "எவ்ளோ அழகா இருக்கு" என்று சொன்னவர் கண் மீது போகும். தண்ணீர் மீது மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது. அதுதான் சுத்தமாக இருக்கிறதே!

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில், பாறைக் குன்றும் அதன்மேல் சிவன் கோயிலுமாக இருக்கும் ஊர் பெருமுக்கல். அங்கே ஒரு வீட்டில் நடந்ததும் இதுதான். அப்பாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. அம்மா வீட்டிலேயே தையல் தைக்கிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகன், பொங்கல் காசைச் சேர்த்துவைத்து வாங்கியது 50 லிட்டர் தொட்டி ஒன்றும், கப்பியும் மோலியுமாகப் பன்னிரண்டு மீன்களும்.

மரக்காணம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உவர்ப்பு. அதனால் அம்மா, குடிப்பதற்கு வாங்கும் ஆர்.ஓ. கேன் தண்ணீரையே தொட்டிக்கும் ஊற்றினார். "நாம குடிக்கிறதை விடவா மீனுக்கு நல்ல தண்ணி வேணும்?" என்பது அவர் கணக்கு.

இரண்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. மூன்றாவது மாதம் மோலிகள் துடுப்பை மடக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்ட ஆரம்பித்தன. ஒரே வாரத்தில் நான்கு செத்து மிதந்தன. "நீதாம்மா ஏதோ தப்பான தண்ணிய ஊத்திட்ட" என்று பையன் அழுதபோது, அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

திண்டிவனத்தில் வண்ண மீன் விற்கும் கடைக்குத் தொட்டித் தண்ணீரை பாட்டிலில் எடுத்துப்போனார். கடைக்காரர் ஒரு சிறு குழாயில் ஊற்றி, மூன்று சொட்டு மருந்து விட்டார். மஞ்சளாக மாறியது. "பி.ஹெச். ஆறுதாம்மா இருக்கு. மோலிக்கு ஏழரையாவது வேணும்."

பி.ஹெச். ஏன் இறங்குகிறது?

தண்ணீரின் அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் சொல்லும் அளவுதான் பி.ஹெச். 1909-ல் டென்மார்க்கில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த சோரன்சன் என்ற வேதியியலாளர் கொண்டுவந்தது. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இதில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று அர்த்தம். எனவே 7-க்கும் 6-க்கும் உள்ள தூரம் சின்னது அல்ல.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. தொட்டியில் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அப்படி மாற்றும்போது தினமும் கொஞ்சம் அமிலம் உண்டாகும். தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட் உப்புகள் அந்த அமிலத்தை அடக்கிவிடும். இதை வீட்டுச் சேமிப்பு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். தினச் செலவு சேமிப்பிலிருந்து போய்க்கொண்டிருக்கும் வரை வெளியே எதுவும் தெரியாது. சேமிப்பு தீர்ந்த அன்று மொத்தமும் சரியும். ஆர்.ஓ. இயந்திரம் உவர்ப்போடு சேர்த்து இந்தச் சேமிப்பையும் வடிகட்டிவிடுகிறது. மழைத் தண்ணீரிலும் இது கிட்டத்தட்ட இல்லை.

ஆளுக்கொரு யோசனை

"உப்புப் போட்டா சரியாகிடும்" என்றார் அப்பா. உப்பளத்தில் வேலை பார்ப்பவருக்கு அதுதானே முதலில் தோன்றும்! மோலி உப்பைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால், சாதாரண உப்பு பி.ஹெச்.சை உயர்த்தாது, கார்பனேட் சேமிப்பையும் நிரப்பாது.

"வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்ப கொஞ்சம் கரைச்சு ஊத்து" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. இது ஆபத்து. சுண்ணாம்பின் தெளிந்த நீரே பி.ஹெச். 12-ஐத் தாண்டும். கொஞ்சம் கூடினாலும் மீனின் செவுள் வெந்துவிடும்.

பையன், மலையடிவாரத்தில் கிடந்த கற்களை அள்ளிவந்தான். அவற்றின்மேல் அம்மா இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பார்த்தார். நுரைக்கவில்லை. நுரைத்தால் அதில் சுண்ணாம்புச் சத்து உண்டு. கருங்கல் நுரைக்காது, தண்ணீரையும் மாற்றாது.

வேகமாக ஏற்றினால்?

"ஒரே நாள்ல ஏத்திட வேண்டியதுதானே?" என்று அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். பிரச்னை அம்மோனியாவில் இருக்கிறது. பி.ஹெச். 6 பக்கம் போனால் நல்ல பாக்டீரியாக்கள் மந்தமாகி, அம்மோனியா சேரத் தொடங்கும். அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற, அதிகம் கெடுக்காத வடிவில் இருக்கும். பி.ஹெச். ஏறினால் அதே அம்மோனியா நச்சாக மாறும். தண்ணீர் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பி.ஹெச். 7-ல் இருக்கும்போது நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 ஆனால் சுமார் 6 பங்கு! நல்லது செய்வதாக நினைத்து ஒரே நாளில் ஏற்றினால், மிச்சமிருக்கும் மீனும் போய்விடும்.

அம்மா செய்தது

முதலில் அம்மோனியாவைக் குறைக்க வேண்டும். தீனியைப் பாதியாக்கினார். தினமும் 5 லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினார். அந்த 5 லிட்டரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவை நன்றாகக் கரைத்து, மெதுவாக விட்டார். காற்று மோட்டாரை ராத்திரியும் நிறுத்தவில்லை. தேங்கிய கரியமில வாயு வெளியேறினாலே பி.ஹெச். கொஞ்சம் ஏறும்.

ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடரும், துணிக்குப் போடும் சலவை சோடாவும் வேறு. அவற்றைத் தொடவே கூடாது. 50 லிட்டருக்கு சுமார் ஒன்றரை கிராம் ஆப்ப சோடா, கார்பனேட் அளவை (கடைகளில் 'கே.ஹெச்.' என்பார்கள்) ஒரு டிகிரி உயர்த்தும். நான்கு டிகிரி வந்தால் கப்பி, மோலித் தொட்டி ஓரளவு நிலைக்கும். அந்த ஆறு கிராமை அம்மா இரண்டு வாரத்துக்கு மேல் பிரித்துப் போட்டார். தினமும் காலை ஒரே நேரத்தில் பையன் சொட்டு மருந்து விட்டு, நோட்டில் எழுதினான். ஒரு நாளில் 0.2, அதிகம் போனால் 0.3-க்கு மேல் ஏறினால் மறுநாள் சோடா கிடையாது.

பிறகு நிரந்தர ஏற்பாடு. அப்பா மரக்காணம் கடற்கரையிலிருந்து வெறும் கிளிஞ்சல் ஒரு கைப்பிடி கொண்டுவந்தார். அதைத் தேய்த்துக் கழுவி, கொதிக்கவைத்து, வலைப் பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தார்கள். சுடாத கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட். தண்ணீர் அமிலமானால் கரையும், பி.ஹெச். ஏற ஏற கரைவது தானாகக் குறையும். மோலிக்குத் தேவையான கால்சியமும் அதிலிருந்து கிடைக்கும்.

மூன்றாவது வாரம் நோட்டில் 7.4 என்று எழுதினான் பையன். அதற்குள் இன்னும் ஒரு மீன் செத்திருந்தது. மீதி ஏழும் துடுப்பை விரித்து நீந்தின. "அடுத்த தடவை தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட கேளும்மா" என்றான். அம்மா சரி என்றார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது

நியான் டெட்ரா, ஏஞ்சல் போன்ற மீன்களுக்கு மென்னீரே பிடிக்கும். அவை நன்றாக இருந்தால், எண்ணைப் பார்த்துப் பயந்து எதையும் கரைக்க வேண்டாம். கப்பி, மோலி, பிளாட்டி வளர்ப்பவர்கள் பி.ஹெச்.சோடு கே.ஹெச்.சையும் வாரம் ஒருமுறை பாருங்கள். பி.ஹெச். விழுவதற்கு முன்பே கே.ஹெச். இறங்கத் தொடங்கிவிடும். கரிக்காத, ஆனால் சோப்பு சரியாக நுரைக்காத கிணற்றுத் தண்ணீர் கிடைத்தால், அதைக் கேன் தண்ணீரோடு கொஞ்சம் கலந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.