கில்லெலையா தேவாலயத்தின் மாடியறை

ஹெல்சிங்கோர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஸ்வீடன் தெரிகிறது. நடுவில் வெறும் 4 கிலோமீட்டர் கடல். எதிர்க்கரைக் கட்டடங்களைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. 1943 அக்டோபரில், நாஜி ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த டென்மார்க்கின் யூதர்களுக்கு உயிர் அந்தக் கரையில்தான் இருந்தது.

அங்கிருந்து கடலோரமாகப் போகும் சின்ன ரயிலில் ஏறினேன். நான் போக நினைத்தது கில்லெலையா என்ற மீன்பிடி ஊருக்கு. லோயிஸ் லோவ்ரி 1989இல் எழுதிய 'நம்பர் தி ஸ்டார்ஸ்' நாவலைப் படித்த நாளிலிருந்தே அந்த ஊர் மனதில் உட்கார்ந்திருந்தது.

அது சிறுவர்களுக்கான நாவல். ஆனால் அதில் வரும் ஓர் இரவை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. கோபன்ஹேகனில் பத்து வயது அன்னமரியின் வீட்டில், அவளுடைய அக்கா என்று சொல்லி யூதத் தோழி எல்லனை ஒளித்து வைத்திருக்கிறார்கள். விடிவதற்குள் ஜெர்மன் சிப்பாய்கள் கதவைத் தட்டுகிறார்கள். எல்லனின் கழுத்தில் தாவீதின் நட்சத்திரம் பதித்த சங்கிலி. கொக்கி கழலவில்லை. அன்னமரி அதை அறுத்தெடுத்துக் கைக்குள் பொத்திக்கொள்கிறாள். சிப்பாய்கள் போனபிறகு பார்த்தால், உள்ளங்கையில் நட்சத்திரம் அச்சாகப் பதிந்திருக்கிறது. அத்தனை இறுக்கமாகப் பிடித்திருக்கிறாள் குழந்தை. என் மகளுக்கும் அப்போது பத்து வயது. புத்தகத்தை மூடிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்தவளின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாவலில் அன்னமரியின் மாமா ஹென்ரிக் கில்லெலையா மீனவர். எல்லனின் குடும்பத்தைப் படகின் அடியில் ஒளித்து அக்கரை சேர்க்கிறார். படகைச் சோதிக்க வரும் ஜெர்மானியரின் மோப்ப நாய்களை ஏமாற்ற ஒரு கைக்குட்டை. அதில் காய்ந்த ரத்தமும் கொக்கெய்னும் தடவியிருக்கும். ரத்தவாடைக்கு நாய் வந்து முகரும், கொக்கெய்னால் மோப்பம் மரத்துப்போகும். கதைக்காகச் சேர்த்தது என்றுதான் நினைத்தேன். உண்மையிலேயே மீனவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள் என்று லோவ்ரி பின்னுரையில் சொல்கிறார்.

கில்லெலையாவில் இறங்கித் துறைமுகத்துக்கு நடந்தேன். மீன்வாடை, தார்வாடை, வலைகள். படகுகள் நான் நினைத்திருந்ததைவிடச் சிறியவை. மீன் கொட்டும் அந்த இருட்டறையில் கைக்குழந்தையோடு படுத்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே மூச்சு முட்டியது.

மீனவர்களில் பலர் அன்று பணம் வாங்கிக்கொண்டுதான் யூதர்களைப் படகில் ஏற்றினார்கள். நாவலில் இது இல்லை. தெரியவந்தபோது முதலில் மனம் கசந்தது. அந்தப் படகுகளைப் பார்த்தபின் கசப்பு குறைந்தது. பிடிபட்டால் படகு போகலாம், பிழைப்பு போகலாம், சிறைக்கும் போக நேரலாம். பணமில்லாதவர்களுக்காக ஊர் ஊராக நிதி திரட்டிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

என்னை உலுக்கியது அந்த ஊர்த் தேவாலயம்தான். 1943 அக்டோபர் 6ஆம் தேதி இரவு அதன் மாடியறையில் ஏறக்குறைய 80 யூதர்கள் படகுக்காக ஒளிந்து காத்திருந்தார்கள். நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ வந்து சூழ்ந்தது. ஒரு சிலரைத் தவிர எல்லோரும் பிடிபட்டு, தெரேசியன்ஷ்டாட் நாஜி முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

லோவ்ரியின் கதையில் இந்த மாடியறை கிடையாது. எல்லன் தப்பிவிடுகிறாள், நான் நிம்மதியாக அழுதேன். கூரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது அந்த நிம்மதி கலைந்தது. எல்லன் போன்ற சிறுமிகள் அந்த 80 பேரிலும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் யாரோ ரொட்டியும் போர்வையும் கொண்டுவந்து கொடுத்தார்கள், சத்தம் போடாதே என்றார்கள். துணிச்சலில் ஒரு குறையும் இல்லை. படகுதான் வரவில்லை.

லோவ்ரி மேல் எனக்குக் கோபமில்லை. பத்து வயதுக் குழந்தைக்கு எவ்வளவு தாங்கும் என்று அறிந்து எழுதியிருக்கிறார். ஆனால் என் மகளுக்கு அந்த நாவலைக் கொடுக்கும்போது மாடியறையைப் பற்றியும் சொல்வேன். அந்த இரவுக்குப் பிறகும் இந்த ஊர்க்காரர்கள் ஓயவில்லை என்பதையும் சொல்வேன். பிடிபடாமல் மீதியிருந்த யூதர்களைச் சுற்றுவட்டார வீடுகளில் பிரித்து ஒளித்துவைத்து, படகுகளைத் தொடர்ந்து ஓட்டினார்கள். டென்மார்க் முழுவதிலுமிருந்து 7,000க்கும் மேற்பட்ட யூதர்கள் அக்கரை சேர்ந்தார்கள். அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் புறப்பட்டது இந்தக் கரையோரத்திலிருந்துதான்.