அறுபது விநாடி

"அண்ணா, எனக்குப் பழைய ரேட்தான் வருது" என்று அவள் சொன்னபோது நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரியாப் பாரு, எனக்குப் புதுசு வருதே" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் புதுசே வந்தது. "பாத்தியா?" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

தள்ளுபடி விகிதம் மாறும்போதெல்லாம் இது நடந்தது. கடைசியில் பழைய விகிதத்தோடு சில பில்கள் வாடிக்கையாளர்களுக்கே போய்விட்டன. அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன்.

நான் எஸ்ஏபியில் ஏபாப் எழுதுகிறவன். அங்கே டேட்டாபேஸ் ஒன்று, அதற்கு முன்னால் அப்ளிகேஷன் சர்வர்கள் பல. நாடுகளின் பட்டியல் மாதிரி, அடிக்கடி படிக்கப்பட்டு அபூர்வமாக மாறும் சின்ன டேபிள்களை ஒவ்வொரு சர்வரும் தன் மெமரியில் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். அதுதான் பஃபர். கேட்ட வரியை மட்டும் வைக்கலாம். கீயின் முன்பகுதி ஒத்துப்போகும் வரிகளை மட்டும் வைக்கலாம். டேபிளை முழுசாகவும் வைக்கலாம். ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ் வரை போய்வரும் நேரம் மிச்சம்.

ஒரு சர்வரில் தகவலை மாற்றினால் டேட்டாபேஸும் அந்தச் சர்வரின் பஃபரும் கையோடு மாறிவிடும். மற்ற சர்வர்களிடம் யாரும் ஓடிப்போய்ச் சொல்வதில்லை. டிடிலாக் என்கிற டேபிளில் ஒரு குறிப்பு விழும், அவ்வளவுதான். மற்ற சர்வர்கள் வழக்கமாக 60 விநாடிக்கு ஒருமுறை அதை எட்டிப்பார்க்கும். தங்களிடம் இருக்கும் நகல் செல்லாது என்று அப்போதுதான் அவற்றுக்குத் தெரியும். அதுவரை கேட்டவருக்கெல்லாம் பழசையே கொடுக்கும். எந்த எரர் மெசேஜும் வராது.

பில் போட நேரமாகிறது என்று அந்தத் தள்ளுபடி டேபிளுக்கு முழு பஃபரிங் போட்டவன் நான்தான். அதற்குப் பாராட்டும் வாங்கினேன். ஒரே நாளில் பல தடவை மாறும் டேபிள் அது. பஃபரில் வைத்திருக்கவே கூடாது. விகிதத்தை மாற்றிய அதே சர்வரில் நான் சோதித்தேன், எனக்கு எப்போதும் சரியாக வந்தது. அவள் லாகின் ஆகியிருந்தது இன்னொரு சர்வரில். ரெண்டு பேர் சொன்னதும் உண்மை.

பஃபரிங்கை எடுத்துவிட்டேன். பில் போடுவது கொஞ்சம் மெதுவானது. போகட்டும்.

எனக்கு உறுத்தியது வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவள் ஒரு புரோகிராமைத் தப்பான சிஸ்டத்தில் ஓட்டிவிட்டாள். "இந்தப் பொண்ணுக்குக் கவனம் பத்தாது" என்று அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் செய்த வேலை எதுவும் அந்தக் குறிப்பை மாற்றவில்லை. அவள் ஏதாவது சொன்னால், அவளைப் பார்க்காமல் அந்தக் குறிப்பைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறேன். சர்வருக்குக் கூட அறுபது விநாடிதான்.

மறுநாள் அவளிடம் போய், "நீ சொன்னதுதான் சரி. நான்தான் காதுல வாங்கல" என்றேன்.

"பரவால்லண்ணா. எந்த சர்வர்னு அப்பவே மெயில்ல போட்டிருந்தேனே" என்றாள்.

சீட்டுக்கு வந்து தேடிப்பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய மெயில். முதல் வரியிலேயே சர்வர் பெயரும் நேரமும் இருந்தன. கீழே என் பதில்: "ப்ளீஸ் செக் அகெய்ன்."