காற்றுத் தடுப்பும் அதன் பெறுமதியும்

வெட்டவெளியிற் கூடாரமடித்துத் தங்குவோர் முதலில் நாடுவன நிழலும் நீருமே. காற்றை எண்ணுவோர் சிலர். ஆயினும், கடற்கரையில் ஓரிரவேனும் தங்கியவர்க்கு, உறக்கத்தையும் அடுப்பையும் ஒருங்கே அலைக்கழிப்பது காற்றே என்பது தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் கரைகளில் விடுமுறையைக் கழிக்க வருவோர், கம்புகளிற் கோத்த துணித் திரைகளை மணலில் நட்டு அவற்றின் ஒதுக்கில் அமர்வர். சோளகம் வீசும் நம் கரைகளிலும் அத்தகைய மறைப்பின் தேவை சிறிதன்று.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் தொடக்கிவைக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலையின் 30 கோபுரங்களும் அக்காற்றின் வலிமைக்குச் சான்று. ஆடி மாதமொன்றிலே, புவியியற் களவேலையின் பொருட்டு அத்தீவில் மூன்று இரவுகள் கூடாரத்தில் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. எத்தகைய காற்றுத் தடுப்பைக் கொண்டுசெல்வது என்ற வினா புறப்படுமுன்னரே எழுந்தது. கையிலிருந்த பணமோ சொற்பம். தறப்பாள், கிடுகு, நிழல்வலை ஆகிய மூன்றுமே எம்முன் இருந்தன.

காற்று நுழைய இடமளிக்காத தறப்பாளே சிறந்தது என எண்ணுதல் இயல்பு. உண்மை அதற்கு மாறானது. முற்றாக அடைபட்ட தடுப்பில் மோதும் காற்று மேலெழுந்து, மறுபுறத்தே சுழன்று இறங்குகின்றது. அன்றியும், காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்கம் நான்கு மடங்காகும். பாய்போற் புடைக்கும் தறப்பாள் முளைகளையே பிடுங்கிவிடக்கூடும். பரப்பில் ஏறக்குறையப் பாதி இடைவெளியாயுள்ள தடுப்போ காற்றை மறிப்பதில்லை, தளர்த்திவிடுகின்றது. போதிய நீளமிருப்பின், அதன் பயன் தடுப்பின் உயரத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு தூரம்வரை உணரப்படும். காற்று ஓரங்களால் வளைந்து புகுமாதலின், தடுப்பு கூடாரத்தினும் அகன்றதாயிருத்தல் வேண்டும்.

இடைவெளிவிட்டுக் கட்டிய கிடுகு இவ்வியல்பு உடையது, விலையும் குறைவு. பருவகாலம் முழுவதும் ஓரிடத்தில் வாடியமைத்துத் தங்குவோர்க்கு அதுவே சாலப் பொருந்தும். ஆனால் பேருந்திற் கொண்டுசெல்லல் அரிது. அடுப்பின் அருகே கட்டுதலும் ஆபத்து. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கக்கூடிய நிழல்வலையோ பல பயணங்களுக்கு உதவும். விலையைப் பயன்படும் இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து, நாம் அதனையே தெரிந்தோம். மணலில் முளை நிலையாதாகையால், உரச்சாக்குகளில் மணல் நிரப்பிப் புதைத்து, கயிறுகளை அவற்றிற் பிணைத்தோம். மூன்று இரவுகளும் வலை அசைந்தது, சாயவில்லை.

கூடாரம் என்ற சொல் எம்மிற் பலர்க்கு உல்லாசத்தை மட்டும் நினைவூட்டுவதன்று. 2009இல் எம் குடும்பம் இடம்பெயர்ந்தோர் முகாமொன்றில் வாழ்ந்தது. அப்போது நான் சிறு பிள்ளை. கச்சான் காற்று புழுதியை வாரிச் சோற்றுக் கோப்பையிற் போட்டது. அம்மா பழைய சாக்குகளை நீளவாட்டிற் கீறி, விரலளவு இடைவெளிவிட்டு, வாசலுக்கு முன்னே நிரையாகக் கட்டினார். முழுச் சாக்கையே கட்டினாலென்ன என்று அயலவர் வினவியபோது, "காத்துக்குப் போக வழி விடோணும். இல்லாட்டி எல்லாத்தையும் பிடுங்கிக்கொண்டு போயிடும்" என்றார். ஊரிலே ஆண்டுதோறும் வேலி அடைத்த கைகள் அவருடையவை. நூலகத்திற் பின்னர் நான் கற்ற விதியை அவர் அங்கு ஒரு சதமும் செலவின்றிச் செய்துகாட்டியிருந்தார்.

இன்று மதில்கள் பெருகி வேலியடைப்பு அருகிவருகின்றது. அதனோடு இவ்வறிவும் அருகிவிடுமோ என்ற கவலை எனக்குண்டு. கூடாரத்துக்குத் தடுப்பு வாங்கச் செல்வோர் கடைக்காரரிடம் விலையை வினவுமுன், வேலி அடைத்துப் பழகிய முதியவர் ஒருவரிடம் சென்று, எவ்வளவு இடைவெளி விடுவதென்று கேட்டறிதல் நன்று. அத்தகையோர் இன்னும் நம் ஊர்களில் உளர்.